நீ இன்சார்ஜ் ஆவதற்கு முன்

மதுரை,
சித்திரை மாதம்.

அன்புள்ள கலா,

கொடியேற்றத்துக்கு மறுநாள் உன் கடிதம் வந்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு டூட்டி போடவேண்டியிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே, ஸ்கேன் பிரிவில் 11 டெக்னீஷியன்கள், அதில் 9 பேர் அன்றைக்கு லீவு கேட்டார்கள். அன்றைக்குத்தான் கேஷுவால்டியும் நிரம்பி வழியும். நெரிசலில் விழுந்து கை ஒடிந்தவர்கள், வெயிலில் சுருண்டவர்கள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். கடைசியில் எல்லோர் பெயரையும் எழுதிச் சீட்டுக் குலுக்கினோம், என் பெயரையும் சேர்த்துத்தான். எனக்கு இரவு டூட்டி விழுந்தது. எதிர்சேவை மட்டும் எப்படியாவது பார்த்துவிடுவேன். உனக்காகவும் கும்பிட்டுக்கொள்கிறேன்.

மஸ்கட்டில் உன்னை இன்சார்ஜாகப் போடப்போவது எனக்கு ரொம்ப சந்தோஷம். "ஒன்றரை வருஷமாக அந்த நாற்காலியில் இருக்கிறாயே, உள்ளதைச் சொல்" என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

டூட்டி சார்ட், லீவு, மெஷின் நின்றால் கம்பெனிக்காரரைக் கூப்பிடுவது, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போகவேண்டிய கணக்குகள். இன்சார்ஜ் வேலை என்றால் இவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன். இதெல்லாம் மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிடும். கூட வேலை பார்க்கிறவர்கள் தப்பு நடந்தால் நம்மிடம் வந்து சொல்கிறார்களா, இல்லை மூடி மறைக்கிறார்களா என்பதுதான் கஷ்டமான பகுதி. அதில் நான் முதல் மாதமே சறுக்கினேன்.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் வலது முழங்காலைப் படம் எடுத்துவிட்டு, எந்தப் பக்கம் என்று காட்டும் மார்க்கர் எழுத்தை இடது என்று வைத்துவிட்டான். எலும்பு டாக்டர் கவனித்துத் திருப்பி அனுப்பினார். யாருக்கும் கெடுதல் நடக்கவில்லை. ஆனால் வெளியே பெஞ்சில் நோயாளிகள் உட்கார்ந்திருக்க, மெஷினை இயக்கும் கன்சோல் பக்கத்தில் நின்று அவனை நான் திட்டிய திட்டு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, கையிலிருந்த மார்க்கரையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்கப்புறம் இரண்டு மாதம் ஒரு தப்பு கூட என் மேசைக்கு வரவில்லை. பிரிவு திருந்திவிட்டது என்று நான் பெருமைப்பட்டேன்.

அப்புறம் ஒரு நாள் டிஜிட்டல் மெஷினில் ரிஜெக்ட் கணக்கை எடுத்துப் பார்த்தேன். உனக்குத் தெரியும், வேண்டாம் என்று ஒதுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் அசைவு, பொசிஷன், எக்ஸ்போஷர் என்று காரணம் போட்டால்தான் நகரும். மாலை ஷிஃப்டில் ஒரு மாதம் முழுக்கப் பூஜ்யம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் நூற்றுக்கு ஐந்தாறு படம் திரும்ப எடுக்க வேண்டிவரும். நாம் படித்த காலத்தில் டார்க் ரூமுக்கு வெளியே கெட்டுப்போன ஃபிலிம் ஒரு பெட்டியில் கிடக்கும், வெள்ளி எடுக்கிறவர் வந்து எடைக்கு வாங்கிப் போவார். யார் எத்தனை வீணாக்கினார்கள் என்பது எல்லோர் கண்ணிலும் படும். இப்போது மறைப்பது சுலபம்.

படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒரு பாட்டியின் நெஞ்சுப் படத்தில் நுரையீரலின் கீழ் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. நீர் கோத்தால் முதலில் தெரிகிற இடமே அதுதான். இன்னொருவர் மூச்சைப் பிடிக்கவே இல்லை, எல்லாம் மங்கல். திரும்ப எடுக்காமல் அப்படியே அனுப்பியிருக்கிறார்கள். திரும்ப எடுத்தால் ரிஜெக்டில் ஏறும், நான் கேட்பேன் என்ற பயம். அந்தப் பாட்டியை இரண்டு நாள் கழித்து உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வரச்சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் படுகிற கதிர்வீச்சு 0.02 மில்லிசீவர்ட் அளவுதான், சும்மா இருந்தாலே சில நாட்களில் இயற்கையாக நம்மேல் படுகிற அளவு. அன்றைக்கே இன்னொரு படம் எடுத்திருந்தால் முடிந்திருக்கும்.

அன்று மாலை எல்லோர் முன்னாலும் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். திட்டியது எல்லோர் முன்னால் என்றால் மன்னிப்பும் அப்படித்தானே கேட்கவேண்டும். பிறகு கன்சோல் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்தேன். நடந்த தப்பு, நடக்க இருந்து கடைசி நேரத்தில் நின்றுபோன தப்பு, இரண்டையும் எழுதவேண்டும், பெயர் போடவேண்டாம். முதல் வரியை என் பெயர் போட்டு நானே எழுதினேன்: "ஐசியூவில் போர்ட்டபிள் எக்ஸ்ரே எடுக்கப் போய், பக்கத்துக் கட்டில்காரருக்குப் பிளேட் வைத்துவிட்டேன். கைப்பட்டையில் பெயரைப் பார்த்ததால் தப்பித்தது." இரண்டு வாரம் அந்த ஒரு வரி மட்டும் தனியாகக் கிடந்தது. மூன்றாவது வாரம் அதற்குக் கீழே அந்தப் பையனின் கையெழுத்தில் ஒரு வரி வந்தது. இப்போது இரண்டாவது நோட்டு போய்க்கொண்டிருக்கிறது.

எம்ஆர்ஐ பக்கம் வேறு கவலை. 2018 ஜனவரியில் மும்பையில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் போன இளைஞர் இறந்தது நினைவிருக்கிறதா? நோயாளியின் உறவினர் அவர். மெஷின் அணைத்திருக்கிறது என்று யாரோ சொன்னதாகச் செய்தியில் வந்தது. இரும்பை இழுக்கும் அந்தக் காந்தம் எப்போதும் அணையாது என்பது நமக்குப் பால பாடம். ஆனால் நம்மூரில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவது யார்? மச்சினன், சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பையன். அதனால் பாதுகாப்பு வகுப்பில் டெக்னீஷியன்களோடு அட்டெண்டர்களையும் கூட்டித் துடைக்கிறவர்களையும் உட்கார வைக்கிறேன். சொல்லப்போனால் அவர்களைத்தான் முன்வரிசையில் உட்கார வைக்கிறேன்.

எங்கள் பாண்டியம்மா அக்காவைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். அட்டெண்டர்தான், ஆனால் எம்ஆர்ஐ வாசலில் அவர் நின்றால் எனக்கு நிம்மதி. பெண்கள் தாலியைக் கழற்றமாட்டேன் என்று அழுவார்கள். டெக்னீஷியன் பையன்கள் விதியைச் சொல்லிச் சொல்லிக் கோபப்படுவார்கள். அக்கா தன் டப்பாவைத் திறந்து மஞ்சள் கயிற்றில் கோத்த ஒரு விரலி மஞ்சளை எடுப்பார். "முதல்ல இதைக் கட்டிக்கோ தாயி, அப்புறம் அதைக் கழட்டு, கழுத்து வெறுமையா இருக்காது" என்பார். அந்தப் பெண்கள் தாங்களே கட்டிக்கொண்டு சங்கிலியைக் கழற்றிக் கொடுப்பார்கள். அந்தச் சங்கிலியில் பார்த்தால் நாலைந்து ஊக்கு தொங்கும். உன் அம்மா, என் அம்மா எல்லோரும் தொங்கவிட்ட அதே இரும்பு ஊக்கு. தங்கத்தை விட்டாலும் அந்த ஊக்கை உள்ளே விடமுடியுமா? எங்கள் படிவத்தில் ஊக்கு என்று ஒரு கேள்வி இருந்ததில்லை. அக்கா சொன்ன பிறகுதான் சேர்த்தேன். மாதக் கூட்டத்தில் அவருக்கும் நாற்காலி போடவேண்டும் என்று மேலே சொன்னபோது ஏன் என்று கேட்டார்கள். இதைச் சொன்னேன். போட்டார்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை ரொம்பப் பாதித்தது. போன வருஷம் ஜூனில் ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டும் மெஷின்) டூட்டியில் இருந்த ஒரு பெண், கதிர்வீச்சைத் தடுக்கும் லெட் ஏப்ரன் மேல் இன்னொரு ஏப்ரனைப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றே ஐந்து கிலோ கனம். "ஏம்மா ரெண்டு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். முடிச்சுப் போட்ட கை அப்படியே நின்றது. அழுதுவிட்டாள். நாலு மாதம். ஒப்பந்த வேலை, இரண்டு மாதத்தில் புதுப்பிக்க வேண்டும், சொன்னால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் கூட.

அன்றைக்கே அவளை சி-ஆர்மிலிருந்து மாற்றி ரிப்போர்ட், பதிவு வேலையில் போட்டேன். நமக்கு ஐந்து வருஷச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் வரை வரம்பு, ஆனால் கர்ப்பம் என்று தெரிவித்த பிறகு வயிற்றுப் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்தான். தெரிவித்தால்தானே அந்தப் பாதுகாப்பு. நம்மேல் பட்ட கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ரிப்போர்ட்டுகளை எடுத்து அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். ஏப்ரனுக்கு உள்ளேதான் பேட்ஜ் மாட்டியிருந்தாள், அளவு கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அந்தத் தாளைக் கையில் வாங்கி மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று நிர்வாகத்தில் ஒருவர் சொன்னார். எங்கள் ரேடியாலஜி தலைவரைக் கூட்டிக்கொண்டு இரண்டு தடவை மேலே போனேன். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் ஒப்பந்த ஊழியருக்கும் பேறுகாலச் சலுகை உண்டு, 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம் என்று சட்டத்தை அச்செடுத்துக் கொண்டுபோனேன். கர்ப்பத்தைச் சொன்னதற்காக வேலையை விட்டு விலக்கக்கூடாது என்று சர்வதேச அணுசக்தி முகமையின் பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது, அதையும் காட்டினேன். புதுப்பித்தார்கள்.

இரவு டூட்டி கூடுகிறது என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். நியாயம்தான், அவர்களுக்கும் வீடு இருக்கிறது. மாதம் 4 இரவு நான் எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெறப்போகும் மூத்தவர் ஒருவர் வந்து, "எனக்கும் ரெண்டு போடுங்க, என் பொண்ணு வயசு" என்றார். அதோடு பேச்சு அடங்கிவிட்டது.

ஆகவே கலா, பதவியை ஏற்றுக்கொள். ஆனால் சரி என்று சொல்வதற்கு முன்னால் இரண்டு விஷயம் கேட்டு வாங்கு. உன் ஆட்கள் யாரையாவது மாற்றவோ நிறுத்தவோ வேண்டுமென்றால் முதலில் உன்னிடம் கேட்கவேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது நீயே நோயாளிக்குப் படம் எடுக்க நேரம் வேண்டும், அதை விட்டுவிடாதே. உன்னிடம் கேரளப் பிள்ளைகளும் ஃபிலிப்பைன்ஸ்காரர்களும் இருப்பார்கள், விசாவுக்குப் பயந்து எங்கள் பிள்ளைகளை விட அதிகமாக மறைப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. போன முதல் வாரமே அந்த நோட்டை வை, முதல் வரியை நீ எழுது.

அண்ணன் முதுகுவலி எப்படி இருக்கிறது? என் மாமியாருக்கு இரண்டாவது முழங்காலும் மாற்றியாயிற்று, மாடிப்படி ஏறுகிறார். சின்னவன் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறான்.

அந்தப் பெண்ணுக்கு நவம்பரில் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த திங்கள் வேலைக்குத் திரும்புகிறாள், பகல் ஷிஃப்ட் போட்டிருக்கிறேன். பால் எடுத்து வைக்க எங்கள் பிரிவில் இடமே கிடையாது. பழைய ஃபிலிம் கவர்கள் அடுக்கியிருந்த சின்ன அறையை ஒழித்து, ஒரு நாற்காலியும் பாண்டியம்மா அக்கா கொண்டுவந்த குட்டி ஸ்டூலும் போட்டாயிற்று. கதவுக்கு உள்பக்கம் ஒரு திரை வேண்டும். துணி வாங்க விளக்குத்தூண் பக்கம் இப்போது கிளம்புகிறேன், திருவிழாக் கூட்டம் ஏறுவதற்குள் போய் வரவேண்டும்.

அன்புடன்,
உன் செல்வி