மொக்கை: பட்டறையில் பிறந்த சொல்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளின் பேச்சில் புழங்கும் கொச்சைச் சொற்களைக் கண்டித்து வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். அவருடைய பட்டியலில் முதலில் நிற்பது 'மொக்கை'. சினிமாக்காரர்கள் கிளப்பிவிட்ட சொல் என்கிறார். வசைச்சொற்களைப் பற்றி அவர் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. மொக்கையை அவற்றோடு சேர்த்ததைத்தான் ஏற்க முடியவில்லை.

மொக்கை என்பது பட்டறைச் சொல். கூர் போன கத்தி, முனை தேய்ந்த உளி, சீவாத பென்சில் எல்லாமே மொக்கைதான். எங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டைத் தெருக்களில் சாணைக்கல்லோடு வருகிறவரிடம் ஓர் அரிவாள்மனையைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் கட்டைவிரலை அலகின் குறுக்கே வைத்து நெருடுவார். "ரொம்ப மொக்கையாயிருச்சுங்க, ரெண்டு பக்கமும் புடிக்கணும்" என்பார். ஏற்காட்டில் காபிச் செடியைக் கவாத்து செய்கிறவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். கத்தி மொக்கையாக இருந்தால் கிளை சீராக வெட்டுப்படாமல் நசுங்கும். நசுங்கிய இடத்தில் ஈரம் தங்கி அழுகல் பிடிக்கும்.

இந்தப் பொருள்தான் அப்புறம் பேச்சுக்குள் கிளைவிட்டது. சிரிப்பே வராத ஜோக் மொக்கை. கதை இல்லாத படம் மொக்கை. வெட்டியாக மணிக்கணக்கில் பேசினால் மொக்கை போடுகிறான். நாலு பேர் முன்னால் அசடு வழிந்து நின்றால் மொக்கை வாங்கிவிட்டான். எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது ஒன்றுதான்: இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

சரி, எங்கள் தலைமுறை மட்டும் என்ன சொன்னது? 'அறுக்கிறான்' என்றோம். 'சரியான ரம்பம்' என்றோம். 'பிளேடு போடுறான்' என்றோம். சலிப்பூட்டும் பேச்சுக்குப் பெயர் வைக்க வெட்டும் கருவியைத்தான் தேடிப் போனோம். பிள்ளைகளும் அந்தப் பெட்டியிலிருந்துதான் ஒன்றை எடுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அவர்கள் எடுத்ததுதான் எல்லாவற்றிலும் பொருத்தமானது. கூரான கத்தி சட்டென்று வேலையை முடித்துவிடும். மொக்கைக் கத்திதான் போட்டு இழுத்துக்கொண்டே இருக்கும்.

மொண்ணை, மொட்டை, விரியாத மொக்கு என்று கூர் இல்லாதவற்றுக்கு 'மொ' என்று தொடங்கும் சொற்கள் பல நம்மிடம் இருக்கின்றன. இவை எல்லாம் ஒரே குடும்பம் என்றே எனக்குப் படுகிறது. மதுரை, தேனிப் பக்கம் மொக்கையன், மொக்கைச்சாமி என்று பிள்ளைகளுக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். அங்கே அது இழிவு இல்லை.

பரீட்சைத் தாளில் 'மொக்கை' என்று எழுதக் கூடாதுதான். அதற்காக அந்தச் சொல்லைச் சொன்ன பிள்ளையைத் தமிழைக் கெடுப்பவன் என்று வகுப்பில் நிற்க வைப்பது நியாயமில்லை. அவன் பேசுவது உழைக்கிறவர்களின் தமிழ்.

தங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். சேலத்துப் பட்டறைச் சொற்களுக்கு வாரம் ஒரு பத்தி ஒதுக்குங்கள். தறிக்கூடத்திலும் கொல்லுப் பட்டறையிலும் கேட்டு எழுத நிறைய இருக்கிறது. கொலுசுப் பட்டறைகளிலிருந்தே தொடங்கலாம். வெள்ளித் துண்டுகளைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதும் வேலையிலிருந்துதான் 'பொடி வைத்துப் பேசுகிறார்' என்கிற பேச்சு வந்தது என்று சொல்வார்கள். இது கொலுசுக்குப் பேர்போன இந்த ஊரிலேயே பல பிள்ளைகளுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்