கிரிமியப் போர் நூலுக்குத் துணை நின்றோர்க்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

நான் எழுதிவந்த கிரிமியப் போர் வரலாற்று நூல் அச்சுக்குப் போய்விட்டது. ரஷ்யப் பேரரசு ஒருபுறமும் உதுமானியப் பேரரசு, பிரிட்டன், பிரான்ஸ், சார்டீனியா ஆகியவை மறுபுறமுமாக 1853 முதல் 1856 வரை நடந்த அப்போரைத் தளபதிகளின் கதையாகவே எழுதத் தொடங்கியிருந்தேன். அதைப் படைவீரர்களின் கதையாக்கியவர்கள் நீங்கள்.

முதல் வரைவைப் படித்த மருத்துவ நண்பர், பாலக்ளாவா குதிரைப்படைத் தாக்குதலுக்குப் பன்னிரண்டு பக்கமும் காலராவுக்கு அரைப்பக்கமும் நான் ஒதுக்கியிருந்ததைப் பார்த்து, "செத்தவர்கள் எதனால் செத்தார்கள் என்று முதலில் எழுதுங்கள்" என்றார். மாண்ட பிரிட்டிஷ் வீரர்கள் ஏறத்தாழ 21,000 பேரில் சுமார் 16,000 பேரை நோயே கொண்டுபோனது என்ற கணக்கு அதன்பிறகுதான் என் மனத்தில் உறைத்தது.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1854 நவம்பரில் 38 செவிலியருடன் இஸ்தான்புல் அருகே ஸ்கூட்டாரியில் இருந்த பிரிட்டிஷ் படை மருத்துவமனைக்கு வந்த பின்னும் அங்கே சாவு ஏன் குறையவில்லை என்பதை, சாக்கடைப் பணியிலேயே வாழ்நாளைக் கழித்த பொறியாளர் ஐயா தாளில் படம் வரைந்து விளக்கினார். அடைபட்ட கால்வாய்களின் மேல்தான் அந்தக் கட்டடம் நின்றது. 1855 மார்ச்சில் வந்த சுகாதார ஆணையம் அவற்றைத் தூர்வாரிக் காற்றோட்டமும் அமைத்த பிறகே உயிரிழப்பு வேகமாகக் குறைந்தது.

கிரிமியாவின் ரஷ்யத் துறைமுகமான செவாஸ்தபோலின் முற்றுகைக்குள் ரஷ்ய மருத்துவர் பிரகோவ் காயம்பட்டோரைத் தரம்பிரித்து, மயக்கமருந்து கொடுத்து அறுவை செய்து, முறிந்த எலும்புக்கு மாவுக்கட்டுப் போட்ட வரலாற்றை ரஷ்ய மொழியிலிருந்து வரிவரியாகச் சொல்லித் தந்த சகோதரிக்கும் கடன்பட்டுள்ளேன். அவர் இல்லையேல் என் நூலில் ரஷ்யர்கள் வெறும் எதிரிகளாகவே நின்றிருப்பார்கள்.

அத்தைக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். 1854 நவம்பர் 14 அன்று வீசிய புயலில் குளிர்கால உடைகளை ஏற்றிவந்த கப்பல் மூழ்கிப்போக, விறகுக்கும் வழியில்லாத பிரிட்டிஷ் வீரர்களுக்கு வறுக்காத பச்சைக் காப்பிக் கொட்டையே பங்கீடாகக் கிடைத்தது. இதைச் சொன்னதும் அத்தை உள்ளே போய் ஒரு பிடி பச்சைக் கொட்டையும் ஒரு கருங்கல்லும் கொண்டுவந்து, "நுணுக்கிப் பார்" என்றார். கால் மணி நேரம் குத்தியும் கொட்டை நாலாய் உடைந்ததே தவிர, பொடியாகவில்லை, விரல்தான் கன்றியது. நனைந்த கம்பளியோடு, குளிரில் மரத்த கையால் குண்டுச் சிதறலை வைத்து அதைக் குத்தியவனைப் பற்றிய பத்தியை அன்றிரவே திருத்தி எழுதினேன்.

முதற்படிகள் வந்ததும் ஒவ்வொருவர் வீட்டிற்கும் நானே கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
நூலாசிரியர்