ஒப்புதல் படிவத்தைப் புத்தகப் பையில் வைத்து அனுப்பாதீர்கள்

ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் படிக்கும் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் 31 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு உங்களைப் போன்றவர்களின் அறை வாசலில் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். "சீக்கிரம் முடித்துவிடுங்கள் சிஸ்டர், அடுத்தது கணக்குப் பாடம்" என்பீர்கள். முடித்தும் கொடுத்திருக்கிறேன். இந்த ஊசியை மட்டும் அப்படி முடிக்க முடியாது.

கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் போடுவதற்கு, 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள். 14 வயது என்றால் உங்கள் ஒன்பதாம் வகுப்பு. ஊசி போடுவது சுகாதாரத் துறை. ஆனால் பெற்றோர் கையெழுத்திட வேண்டிய தாள் உங்கள் மேசையிலிருந்துதான் வீட்டுக்குப் போகும். என் பேச்சு முழுவதும் அந்தத் தாளைப் பற்றித்தான்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். நம் நாட்டில் ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் பெண்களுக்கு இந்த நோய் வருகிறது. 75,000-க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். எனக்கு அது எண்ணிக்கையாக நினைவில் இல்லை. என் பகுதியில் ஓர் அம்மா மாட்டுக்கொட்டகையில் படுக்கத் தொடங்கியிருந்தார். புழுக்கம் என்று காரணம் சொன்னார். மாதவிலக்கு நின்று ஆறு வருடம் கழித்து இரத்தம் பட்டிருக்கிறது; அதோடு வெள்ளைப்படுதல், நாற்றம். பிள்ளைகளுக்கு அருவருப்பாக இருக்கக் கூடாது என்று விலகிப் படுத்திருக்கிறார். பதினோரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. நான் கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. அவருடைய மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற ஒரு வைரஸ் என்பதைக் கண்டறிந்ததற்காக ஹரால்டு சுர் ஹௌசன் என்ற ஜெர்மானிய அறிவியலாளருக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த வைரஸில் வகைகள் பல. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டும் பத்தில் ஏழு நோயாளிகளுக்குக் காரணம். உடலுறவு வழியாகத் தொற்றி, பெரும்பாலும் தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிட்டால் பதினைந்து இருபது ஆண்டுகளில் புற்றாகும். தொற்றுவதற்கு முன்பே போட்டால்தான் ஊசிக்கு முழுப் பலன். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்டவர்களை வளர்ந்த பிறகு பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் காணப்படவில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள். நல்ல ஊசி. எனக்குப் பேத்தி இருக்கிறாள்; அவளுக்குப் போட்டாயிற்று.

பிறகு ஏன் இந்த மடல்? 2009-ஐ நினைத்துத்தான். அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 20,000-க்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகளுக்கு இதே நோய்க்கான ஊசியை ஒரு திட்டமாகப் போட்டார்கள். ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். பாம்பு கடித்து, நீரில் மூழ்கி, பூச்சிமருந்து குடித்து, காய்ச்சல் கண்டு என்று காரணங்கள் வெவ்வேறு; ஊசியால் அல்ல என்றுதான் விசாரணையில் வந்தது. ஆனால் படிவங்களை எடுத்துப் பார்த்தபோது ஊர் கொதித்தது. ஆந்திரத்தில் 9,543 படிவங்களில் 2,763-இல் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள்; தலைமையாசிரியர்கள் போட்ட படிவங்களும் இருந்தன. தகப்பன் வேறு ஊரில் கூலி வேலையில் இருப்பான். பிள்ளை பழங்குடியினர் விடுதியில். தேதி நெருங்கிவிட்டது, யாரோ ஒருவர் பேனாவை எடுத்திருப்பார். கெட்ட எண்ணம் இருந்திருக்காது. எல்லாவற்றையும் நேரத்துக்கு முடிக்கும் பழக்கம் நமக்கு உண்டே, அதுதான். 2010 ஏப்ரலில் எல்லாம் நிறுத்தப்பட்டது. 2013-இல் நாடாளுமன்றக் குழு கடுமையாக எழுதியது. அதற்குப் பிறகு இந்த ஊசியின் பெயரை எடுக்கவே பல ஆண்டுகள் அதிகாரிகள் தயங்கினார்கள். அந்த ஆண்டுகளில் 14 வயதைக் கடந்துபோன பிள்ளைகள் எத்தனை லட்சம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அந்த நிறுத்தத்திலிருந்து ஒரு நல்லதும் விளைந்தது, அதையும் சொல்கிறேன். அதே நேரத்தில் வேறோர் ஆய்வு நாட்டில் ஒன்பது இடங்களில் நடந்துகொண்டிருந்தது; அதில் ஓரிடம் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் அம்பிளிக்கை. இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்பது ஆய்வின் கேள்வி. ஏப்ரல் உத்தரவால் அதுவும் நின்றதில், ஏறக்குறைய 5,000 பிள்ளைகள் ஒரே தவணையோடு நின்றுவிட்டார்கள். பத்து ஆண்டு தொடர்ந்து பார்த்ததில், அந்த ஒரு தவணையே 16, 18 வகைகளின் தங்கும் தொற்றை நூற்றுக்கு 95 அளவில் தடுத்தது தெரிந்தது. ஒரு தவணையும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஏற்றுக்கொண்டதற்கு இந்தப் பிள்ளைகளின் இரத்த மாதிரிகளும் ஒரு காரணம். ஒட்டன்சத்திரம் பக்கம் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

கம்மம் தூரம் என்று நினைக்க வேண்டாம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் வந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. மறுநாள் பாதி வகுப்பு காலி. நான் போன ஒரு பள்ளியில் தாத்தா ஒருவர் பேரனை முதுகில் தூக்கிக்கொண்டு வேலி தாண்டி ஓடினார். சிரிப்பாகத்தான் இருந்தது, அன்று மாலை பதிவேட்டைக் கூட்டிப் பார்க்கும் வரை. இத்தனைக்கும் அது அம்மைக்கான ஊசி. இது பெண்பிள்ளைக்கு, அதுவும் கருப்பை என்ற சொல்லோடு வருகிறது. "பிள்ளை பிறக்காதாம்" என்ற பேச்சு உங்கள் சுற்றறிக்கைக்கு முன்னால் ஊருக்குள் போய்ச் சேரும்.

ஆகவே படிவத்தைப் பையில் வைத்து அனுப்பாதீர்கள். பெற்றோரை வரவழையுங்கள். வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு வைத்தால் யாரும் வரப்போவதில்லை; மில்லுக்கும் காட்டுக்கும் போனவர்கள் திரும்பிய பிறகு ஒரு மாலை வையுங்கள். தகப்பன்மாரைக் குறிப்பாக அழையுங்கள். "என் மகளுக்கு இது எதற்கு, அவள் அப்படிப்பட்டவளா?" என்று அவர்களில் ஒருவர் கேட்பார். கேட்கட்டும். நான் சொல்லும் பதில் இது: "உங்கள் மகளைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை. நாளை மாப்பிள்ளையாக வருபவரின் உடம்பில் என்ன இருக்கிறது என்று ஜாதகத்தில் எழுதியிருக்காது. அவருக்கே தெரியாது." கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாகும். பிறகு பெண்கள் பேசத் தொடங்குவார்கள். பிள்ளை பிறக்காது என்பவர்களிடம், கருப்பையை எடுக்க வைப்பது நோய்தான், ஊசி அல்ல என்று சொல்லலாம். வேண்டாம் என்பவர்களை அன்றே மடக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் போட்டுக்கொண்டு நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு அவர்களே வருவார்கள்.

பிள்ளையிடமும் கேளுங்கள். 14 வயதில் அவளுக்கு எல்லாம் புரியும்.

விடுதிப் பிள்ளைகளின் படிவத்தில் நீங்களோ காப்பாளரோ கையெழுத்திடவே கூடாது. பெற்றோர் வர இரண்டு மாதம் ஆகுமென்றால் ஊசி இரண்டு மாதம் காத்திருக்கட்டும். இலக்கு, சதவீதம் என்று யாராவது தொலைபேசியில் விரட்டினால் கம்மத்தை நினைவுபடுத்துங்கள்.

ஊசி நாளன்று பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வந்தார்களா என்று பாருங்கள். முதலமைச்சரின் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் வெறும் வயிற்றோடு வருவதை நான் பார்த்திருக்கிறேன். வரிசையில் நிற்பவர்கள் கண்ணில் படாதபடி வேறோர் அறையில் ஊசி போடட்டும். போட்டபின் அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரவையுங்கள். ஒருத்தி பயத்தில் மயங்கினால் அடுத்து நான்கு பேர் மயங்குவார்கள், ஐந்தாவதாகத் தொலைக்காட்சிக்காரர்கள் வருவார்கள்.

இன்னொன்று. வருகைப் பதிவேட்டில் இல்லாத 14 வயதுப் பிள்ளைகளையும் உங்களுக்குத்தான் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்று தம்பியைப் பார்த்துக்கொள்பவள், அத்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். அவர்களின் பெயர்களை உங்கள் பகுதிச் செவிலியரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

கூட்டத்துக்கு வரும் தாய்மார்களைச் சும்மா அனுப்பிவிடாதீர்கள். மகளின் ஊசி தாயைக் காக்காது. முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைவாயில் வினிகர் போன்ற மெல்லிய அமிலக் கரைசல் தடவிப் பார்க்கும் பரிசோதனை இலவசம். சில நிமிட வேலை, வலிக்காது. இந்தத் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில்தான் அதைப் பெரிய அளவில் செய்து பார்த்து, இந்தப் புற்றால் நேரும் சாவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது என்று 2007-இல் உலகத்துக்குச் சொன்னார்கள். செவிலியரைக் கூட்டத்துக்கு அழைத்து அங்கேயே பெயர் பதியச் சொல்லுங்கள்.

திண்டுக்கல், பழனி, ஒட்டன்சத்திரம் வட்டாரப் பள்ளிகள் என்றால் நானே வருகிறேன். பஸ் வசதி இருக்கிறது, மாலை நேரம் எனக்கு ஓய்வுதான். முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது. ஒரு நாற்காலி மட்டும் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்
திண்டுக்கல் மாவட்டம்