செர்ட்ராலின் தூக்க மாத்திரை அன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனநல மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரை எதுவானாலும் நம் வீடுகளில் அதற்கு ஒரே பெயர்தான்: தூக்க மாத்திரை. மனச்சோர்வுக்குக் கொடுத்தாலும், பதற்றத்திற்குக் கொடுத்தாலும், பள்ளிப் பிள்ளையின் கவனக் குறைபாட்டிற்குக் கொடுத்தாலும் அதே பெயர்தான். இந்த ஒரு சொல்லால் எங்கள் குடும்பத்தில் ஏறக்குறைய ஓராண்டு வீணாகப் போயிற்று. அதனால் இதை எழுதுகிறேன்.

கணவர் இறந்து ஆறு மாதமாகியும் என் தங்கை சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் ஏறிட்டுப் பார்க்காமல் இருந்தாள். அரசாங்க கிளினிக்கிலிருந்து மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே இரண்டு பைகளில் மாத்திரை தந்தார்கள். ஒன்று மனச்சோர்வுக்கான செர்ட்ராலின், முதல் வாரம் அரை மாத்திரை, பிறகு முழு மாத்திரை, காலையில். மற்றொன்று பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் லோராசெபாம், இரவில், தேவைப்பட்டால் மட்டும், இரண்டு வாரத்திற்கு. பையின் மேல் மலாயில் எழுதியிருந்ததை வீட்டில் எல்லாருமே படித்தோம். ‘வக்து பாகி’ (காலை வேளை) என்று அச்சிட்டிருந்த மாத்திரையையும் தூக்க மாத்திரை என்றே சொன்னோம். காலையில் விழுங்கச் சொல்லும் மாத்திரை எப்படித் தூக்க மாத்திரையாகும் என்று, முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த எனக்கே அன்று கேட்கத் தோன்றவில்லை.

நான்காம் நாளே அவளுக்குக் குமட்டல் தொடங்கியது. பிறகு வயிற்றுப்போக்கு, தலைவலி. ஒன்பதாம் நாள், “அண்ணே, இந்த மாத்திரை எனக்கு வேணாம், உடம்ப என்னமோ பண்ணுது” என்றாள். அக்கம்பக்கத்தாரும் உறவினரும், இப்படிப்பட்ட மாத்திரைகளுக்கு அடிமையாகிவிட்டால் பிறகு மீள முடியாது என்றார்கள். நானும் அதை ஆமோதித்தேன். செர்ட்ராலின் பை அலமாரியின் மேல்தட்டில் பிஸ்கட் டின்னுக்குள் போயிற்று. லோராசெபாம் மட்டும் தலையணைக்கு அருகிலேயே இருந்தது; போட்டால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் மனம் அடங்கித் தூக்கம் வந்ததால் அதுதான் நல்ல மருந்து என்று நம்பினோம். அது தீர்ந்ததும் தனியார் கிளினிக் ஒன்றில் கேட்டு வாங்கினோம். அடுத்த ஐந்து மாதத்தில் அந்த மாத்திரை இல்லாமல் அவளால் ஓர் இரவும் தூங்க முடியவில்லை. பகலில் மறதி, தள்ளாட்டம். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. சோர்வோ கொஞ்சமும் குறையவில்லை.

நடந்ததை இப்போது எண்ணிப் பார்த்தால், எதற்கு அஞ்ச வேண்டுமோ அதைக் கையில் வைத்துக்கொண்டு, எதை நம்பியிருக்க வேண்டுமோ அதை டின்னில் போட்டு மூடியிருக்கிறோம். செர்ட்ராலின், ஃபுளுவாக்செட்டின், எஸ்சிட்டலோப்ராம் ஆகியவை ஒரே குடும்பத்து மருந்துகள். மூளையின் நரம்பணுக்கள் வெளியிட்ட செரட்டோனின் என்ற வேதிப்பொருளைத் திரும்ப உள்ளிழுத்துக்கொள்வதை இவை குறைக்கின்றன. அந்த வேலை முதல் நாளிலேயே தொடங்கிவிட்டாலும், மனத்தில் மாற்றம் தெரிவதற்குப் பொதுவாக இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். வயிற்றுத் தொல்லையும் தலைவலியுமோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்திற்குள் தணிந்தும் விடும். பலன் வருமுன் தொல்லை வந்துவிடுவதால் எத்தனையோ பேர் இரண்டாம் வாரத்தில் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். இந்த மருந்துகள் மேலும் மேலும் வேண்டும் என்ற வேட்கையை உண்டாக்குவதில்லை. ஆனால் பல மாதம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும், எரிச்சலும், தலைக்குள் மின்சாரம் சுண்டுவது போன்ற உணர்வும் வரலாம் என்பதால், மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இதைத்தான் நம்மவர்கள் அடிமைத்தனம் என்று தவறாக எண்ணிக்கொள்கிறார்கள்.

உண்மையில் பழக்கத்திற்கு ஆளாக்கக்கூடியவை லோராசெபாம், அல்பிரசோலம், டயசெபாம் போன்றவை. சில வாரங்களுக்குள்ளாகவே உடல் அவற்றுக்குப் பழகிப்போகும் என்பதால் குறுகிய காலத்திற்கு மட்டுமே அவற்றைத் தருகிறார்கள். நெடுநாள் சாப்பிட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதேபோல், 25 வயதுக்குட்பட்டவர்கள் மனச்சோர்வு மருந்தைத் தொடங்கும் முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டார் அருகிலிருந்து கவனிக்க வேண்டும்.

பள்ளியிலும் இதே சொல்லைக் கேட்டிருக்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு ஏடிஎச்டி எனப்படும் கவனக் குறைபாடு என்று கண்டறிந்து மெத்தில்ஃபெனிடேட் கொடுத்தபோது, “பிள்ளைக்குத் தூக்க மாத்திரை குடுக்கச் சொல்றாங்க, சார்” என்று அவன் தாயார் கண் கலங்கினார். அது தூக்க மாத்திரைக்கு நேர் எதிரான ஊக்கி மருந்து. மாலையில் கொடுத்தால் தூக்கமே கெடும். சாதாரண மாத்திரை ஏறக்குறைய நான்கு மணி நேரம் வேலை செய்யும். பசியைக் குறைக்கும் என்பதால் காலை உணவைக் கொடுத்துவிட்டு மருந்தைக் கொடுப்பது நல்லது. இவ்வளவையும் அந்தத் தாயாருக்குச் சொல்லியிருந்தால் ஒரு மாதத்தில் அவர் நிறுத்தியிருக்க மாட்டார்.

நம் மலேசியாவில் இது சிறு கூட்டத்தாரின் துன்பம் அன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023இல் அது 4.6 விழுக்காடு, ஏறக்குறைய பத்து லட்சம் பேர். 1911இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை ஒன்றினால் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயரையே நாம் வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்த அச்சத்தையும் மீறி மருத்துவரிடம் போய்ச் சேர்ந்த ஒருவரை ‘தூக்க மாத்திரை’ என்ற சொல் மறுபடி வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. எல்லாத் துயரத்திற்கும் மாத்திரை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மனச்சோர்வு இலேசாக இருந்தால் ஆலோசனை சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். மருந்து தேவை என்று மருத்துவர் முடிவு செய்தவருக்கு, அது என்ன மருந்து என்று தெரிய வேண்டும்.

மணிக்கட்டு முறிந்த பிறகு தங்கையை மீண்டும் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் லோராசெபாமைச் சிறிது சிறிதாகக் குறைத்து, செர்ட்ராலினை மறுபடி தொடங்கினார். அங்கிருந்த தமிழ்த் தாதி ஒருவர் பையின் பின்புறத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தார்: “முதல் இரண்டு வாரம் வயிறு படுத்தும். நிறுத்த வேண்டாம். ஆறாவது வாரம் வந்து சொல்லுங்கள்.” குமட்டல் வந்த நாள்களில் தங்கை அந்தப் பையைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். ஏழாவது வாரம், கேட்காமலே பாசாருக்குப் புறப்பட்டுப் போய், கெம்போங் மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தாள்.

அந்த மூன்று வரியைத் தமிழில் அச்சிட்டு, முதல்முறை மருந்து வாங்கும் ஒவ்வொருவரின் பையோடும் கொடுக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் மனநல மருந்துகளைப் பற்றி எழுதும்போது அவற்றை அவற்றின் பெயராலேயே குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு