லேப்பில் 'டெலீட் பண்ணிட்டுத் திரும்ப குளோன் பண்ணு' என்று சொல்லாதீர்கள்

பொறியியல் கல்லூரிகளின் கணினித் துறைத் தலைவர்களுக்கும் லேப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் கோவையில் மென்பொருள் வேலை பார்க்கிறவன். போன மார்ச்சில் ஒரு நாள் இரவு பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டினாள். இறுதியாண்டு மாணவி. "அண்ணா, எங்க ப்ராஜெக்ட்ல மூணு வார வேலையைக் காணோம். நாளன்னைக்கு ரிவ்யூ."

நான்கு பேர் கொண்ட குழு அது. கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளில்தான் வேலை. ஒருவன் தன்னிடமிருந்த பழைய நகலைப் புஷ் செய்ய, அதாவது சர்வருக்கு அனுப்பப் பார்த்திருக்கிறான், கிட் மறுத்திருக்கிறது. எங்கோ படித்ததை நம்பி சர்வரில் இருப்பதை அடித்துவிட்டு எழுதும் ஃபோர்ஸ் புஷ் கொடுத்துவிட்டான். சர்வரில் மெயின் பிராஞ்ச் (குழுவின் முதன்மை வேலைத்தொடர்) மூன்று வாரம் பின்னால் போய்விட்டது. நிஜமாகச் சொன்னால், அதுவரை பெரிய சேதம் எதுவும் இல்லை. லேப்பில் போய்க் கேட்டபோது கிடைத்த பதில்தான் வினை: "ஃபோல்டரை டெலீட் பண்ணிட்டுத் திரும்ப குளோன் பண்ணு, சரியாயிடும்." மூன்று பேர் அப்படியே தங்கள் ஃபோல்டரை அழித்துவிட்டு, சர்வரிலிருந்து புது நகலை (குளோன்) இறக்கிக்கொண்டார்கள்.

பத்திரத்தைக் காணோம் என்று பீரோவையே பழைய இரும்புக்குப் போட்ட கதை இது. கமிட் என்பது அந்த நேரத்து வேலையின் பதிவு, கிட் அதைச் சட்டென்று அழித்துவிடாது. ரெப்போவுக்குள் (ப்ராஜெக்ட் ஃபோல்டர்) மறைந்திருக்கும் புள்ளி-கிட் ஃபோல்டரில் ரெஃப்லாக் என்று ஒரு நாட்குறிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது: பிராஞ்ச் எந்த நேரத்தில் எந்தக் கமிட்டில் நின்றது என்று. நாம் எதையும் மாற்றாவிட்டால், பிராஞ்சிலிருந்து கழன்றுபோன கமிட்டுகளின் குறிப்பு 30 நாள் இருக்கும், மற்றவை 90 நாள். ஆனால் இந்த நாட்குறிப்பு அந்தந்த லேப்டாப்போடு சரி, குளோன் செய்தால் கூட வராது. ஃபோல்டரை அழித்தால் அதுவும் போச்சு.

அவர்களைக் காப்பாற்றியது காய்ச்சல். நான்காவது பெண் உடம்பு சரியில்லாமல் பொள்ளாச்சியில் வீட்டில் படுத்திருந்தாள், மூன்று நாளாக லேப்டாப்பையே திறக்கவில்லை. நான் ஃபோனில் சொல்லச் சொல்ல அவள் அப்பாதான் தட்டினார். முதலில் ஃபோல்டரை முழுசாக ஒரு பென் டிரைவில் நகலெடுக்கச் சொன்னேன். "அவ்வளவுதானாப்பா?" என்றார். மீட்பு வேலையில் பாதி அதுதான் என்று அவருக்கு அப்போது விளக்க நேரமில்லை. பிறகு கமிட்டுகளைப் பட்டியலிடும் கிட் லாக். திரையில் வந்த கமிட் எண்ணில் முதல் ஏழு எழுத்தை மட்டும் வாசிக்கச் சொல்லி, அதன் மேல் 'மீட்பு' என்று புது பிராஞ்ச் போட்டு, புஷ் செய்யச் சொன்னேன். கால் மணி நேரம் ஆகவில்லை, மூன்று நாளுக்கு முன்பு வரையிலான எல்லாம் வந்துவிட்டது.

எல்லாம் என்றால், பக்கத்து வீட்டுப் பெண்ணுடைய ஒரு ஸ்கிரிப்ட் நீங்கலாக. கோப்பைக் கமிட்டுக்குத் தயார் செய்யும் கிட் ஆட் கொடுத்திருந்தாள், கமிட் செய்யவில்லை. பழைய ஃபோல்டர் இருந்திருந்தால் அதையும் எடுத்திருக்கலாம்: ஆட் செய்த அந்த நொடியே கோப்பின் உள்ளடக்கத்தை கிட் உள்ளே எடுத்து வைத்துவிடும். கோப்பே அழிந்து, ஆட் பட்டியலிலிருந்தும் கழன்றிருந்தாலும்கூட, ரெப்போவைச் சோதிக்கும் கிட் எஃப்எஸ்சிகே ஓட்டினால் பெயரில்லாத அநாதைக் கோப்பாக வெளியே வரும். அந்த ஃபோல்டர்தான் இல்லையே. விடிய விடிய உட்கார்ந்து திரும்ப எழுதினாள்.

இது கல்லூரிப் பிள்ளைகளின் அசட்டுத்தனம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2013 மார்ச்சில் லினக்ஸ் டெஸ்க்டாப் மென்பொருள் உருவாக்கும் கேடிஇ திட்டத்தின் முதன்மை சர்வரில் ஃபைல் சிஸ்டம் கெட்டு, சுமார் 1500 ரெப்போக்கள் போக இருந்தன. மற்ற சர்வர்களில் மிரர் இருந்தது, ஆனால் அவை பழுதையும் விசுவாசமாக நகலெடுத்துக்கொண்டன. ஒரே ஒரு சர்வரில் நல்ல நகல் தற்செயலாகத் தப்பியிருந்தது. அவர்களுக்கும் ஒரு பொள்ளாச்சி லேப்டாப் கிடைத்தது, அவ்வளவுதான்.

பாடத்திட்டத்தை மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. ஏழாவது செமஸ்டர் தொடக்கத்தில் ஒரே ஒரு மதியம் லேப்பை இதற்கு ஒதுக்குங்கள். கமிட், புஷ் எல்லாம் வீடியோ பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். அன்று வேண்டுமென்றே கெடுக்கட்டும். பிராஞ்சைப் பழைய கமிட்டுக்கே தள்ளும் ஹார்ட் ரீசெட் கொடுத்துவிட்டு ரெஃப்லாக்கில் தேடட்டும், பிராஞ்சை அழித்துவிட்டு மீட்கட்டும். புது ரெப்போ தொடங்கும் கிட் இனிட்டை டெஸ்க்டாப்பிலேயே கொடுத்து, கல்யாண ஃபோட்டோ வரைக்கும் ரெப்போவுக்குள் வந்து நிற்பதையும் பார்க்கட்டும். (நானே செய்திருக்கிறேன்.)

அப்புறம், துறையில் சர்வர் இருந்தால் ப்ராஜெக்ட் ரெப்போக்களை அதில் பேர் (bare, வேலைக் கோப்புகள் இல்லாமல் வரலாறு மட்டும்), ஷேர்டு (shared, பலரும் எழுதக்கூடியது) ஆகத் தொடங்குங்கள். ஷேர்டு என்று கொடுத்தாலே ஃபோர்ஸ் புஷ்ஷை அது ஏற்காது. பேர் ரெப்போவில் ரெஃப்லாக் தானாக ஓடாது, அதை மறக்காமல் இயக்கிவிடுங்கள். மாணவர்கள் சிக்கலோடு வந்தால் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பெயரையும் நோட்டீஸ் போர்டில் போடுங்கள். சீனியர் மாணவராக இருந்தாலும் பரவாயில்லை, 'டெலீட் பண்ணு' என்று சொல்லாதவராக இருந்தால் சரி.

கோவை சுற்றுவட்டாரக் கல்லூரி என்றால் சனிக்கிழமை மதியம் நானே வருகிறேன், காசு வேண்டாம். கெட்டுப்போன ரெப்போ யாரிடமாவது இருந்தால், கை வைக்காமல் அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு மென்பொருள் தொழிலாளி