தடவாமல் வைத்திருந்த கைகளுக்கு

அன்புடையீர்,

நான் உட்கொண்ட மருந்துக்குக் கருவிலேயே பழகிப் பிறந்த எங்கள் மகள், மருத்துவமனையிலிருந்து நேற்று வீடு வந்து சேர்ந்தாள். நடந்தது என்ன என்பதையும் அதில் என் பங்கு என்ன என்பதையும் உங்களில் பலர் அறிவீர்கள். ஆகவே அதை மீண்டும் விரித்துரைக்காமல் நன்றியை மட்டும் எழுதுகிறேன்.

பிறந்த இரண்டாம் நாள் இரவு அவள் வீறிட்டு அழத் தொடங்கியபோது, முதுகைத் தட்டினேன், கன்னத்தை வருடினேன், பேசிக்கொண்டே ஆட்டினேன். ஒவ்வொன்றும் அவள் நடுக்கத்தைக் கூட்டியது. என் கை பட்டதால்தான் பிள்ளை துடிக்கிறாள் என்று எண்ணிக் கையை இழுத்துக்கொண்டேன். அப்போது இரவுப் பணியில் இருந்த செவிலியர் ஒருவர், என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்காமல், விளக்கைத் தணித்துவிட்டு அருகில் அமர்ந்து, என் முன்கையை விரல் நுனியால் மெல்ல வருடிக் காட்டினார். பிறகு அதே இடத்தில் உள்ளங்கையை அழுந்தப் பதித்து அசையாமல் வைத்திருந்தார். முதலில் கூசியது, உள்ளங்கை பதிந்ததும் அதுவரை அடக்கியிருந்த மூச்சை விட்டேன். "தடவ வேண்டாம் அம்மா, வைத்திருந்தால் போதும்" என்றார்.

கருவிலேயே மருந்துக்குப் பழகிய உடல், பிறந்ததும் அது நின்றுபோக, ஒளியையும் ஒலியையும் தாங்க மாட்டாமல் தவிக்கிறது என்றும், இலேசான வருடல்கூட அந்நிலையில் தொந்தரவாகிவிடும் என்றும் அவர் விளக்கினார். ஒரு கையை அவள் தலைமேல் கவித்து, மறு கையால் மடங்கிய கால்களை வயிற்றோடு சேர்த்து அணைத்து, பேச்சையும் ஆட்டத்தையும் நிறுத்தினேன். நெடுநேரம் ஆயிற்று. கட்டைவிரலை உள்ளே வைத்து இறுக்கியிருந்த முட்டி ஒவ்வொரு விரலாகத் தளர்ந்தது. கையைச் சட்டென்று எடுக்காமல், முதலில் அழுத்தத்தைக் குறைத்துப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக விலக்கவும் அவரே பழக்கினார்.

தொடுகை மருந்துக்கு மாற்று என்று நான் சொல்ல வரவில்லை. மருந்து நின்றதால் வரும் அறிகுறிகளை, தும்மலையும் கொட்டாவியையும்கூட, எண்ணி மதிப்பெண் இடும் தாளில் எண் ஏறிக்கொண்டே போனதால், அந்தத் தவிப்பைத் தணிக்கும் மார்ஃபின் மருந்து அவளுக்குத் தேவைப்பட்டது. அதன் அளவு படிப்படியாகக் குறைந்து அவள் தேறிய பிறகே, உடலை நீவிவிட அந்தச் செவிலியர் கற்றுத் தந்தார்: ஒரு நேரத்தில் ஒரு கால் மட்டும், நிதானமாக, சற்று அழுத்தமாக. குழந்தை விரல்களை விரித்தாலோ, முகத்தைத் திருப்பினாலோ, விக்கல் எடுத்தாலோ, அதுவே அவள் 'போதும்' என்று சொல்வதாகக் கொண்டு உடனே நிறுத்திவிட வேண்டும். அவள் சொல்வதும் எனக்குப் புரியும் என்று முதன்முதலாக நம்பியது அப்போதுதான்.

இரவு பகல் பாராத மருத்துவர்களுக்கும், மருந்துப் பழக்கத்துக்கான என் சிகிச்சை சீராக இருப்பதை உறுதிசெய்து தாய்ப்பால் கொடுக்க ஊக்கமளித்தவர்களுக்கும், நான் உறங்கிய வேளைகளில் அவளை மார்போடு அணைத்திருந்த தன்னார்வலர்களுக்கும், வீட்டைத் தாங்கிய உறவினருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

செவிலியர் அம்மா, என் சிகிச்சையை ஒரு நாளும் தவறவிடமாட்டேன். தன்னார்வலராக என்னை அனுமதிக்கும் நாள் வரும்போது, அதே பிரிவில் தன் கையைக் கண்டு தானே அஞ்சும் ஒரு தாயின் அருகில் சென்று அமர்வேன். எதுவும் கேட்காமல், முதலில் அவர் முன்கையில் என் உள்ளங்கையை வைப்பேன்.

இப்படிக்கு,
நன்றியுடன் ஒரு தாய்