கரைப்பான் சிந்தினால்: டிரை கிளீனிங் கடைகளுக்கு

சிங்கப்பூர் சலவைக் கடை நண்பர்களுக்கு வணக்கம். பெர்க் (பெர்குளோரோஎத்திலீன் என்ற டிரை கிளீனிங் கரைப்பான்) மெஷின் வைத்திருப்பவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள்.

முதலில் பார்க்க வேண்டிய இடம் பட்டன் டிராப் (துணியிலிருந்து விழுவதைப் பிடிக்கும் பெட்டி) மூடி. உள்ளே விழுந்த சில்லறை, பட்டன்களை எடுத்துவிட்டு மூடும்போது கேஸ்கெட்டில் (கசியாமல் அடைக்கும் வளையம்) ஒரு நூல் சிக்கியிருந்தாலே போதும், ஓரமாகச் சொட்டும். துணியால் ஒரு சுற்று துடைத்துவிட்டு மூடுங்கள். மெஷினுக்கும் கேன்களுக்கும் அடியில் கசிவுத் தட்டு கட்டாயம் இருக்கட்டும்.

சிந்திவிட்டதா? மெஷினை நிறுத்திவிட்டு, வாடிக்கையாளர் உட்பட எல்லாரையும் வெளியே அனுப்புங்கள். பெர்க் ஆவி காற்றைவிட ஏறக்குறைய 6 மடங்கு கனம், தரையோடு படரும். குனிந்து துடைக்கிறவருக்குத்தான் முதலில் தலை சுற்றும். கோவிட் காலத்து முகக்கவசம் இதற்கு உதவாது (இன்னும் சிலர் அதையே நம்புகிறார்கள்!). கரிம ஆவிக்கான கேட்ரிட்ஜ் மாஸ்க், நைட்ரைல் கையுறை, அப்புறம்தான் உறிஞ்சும் பேட். அதுவும் சின்னக் கசிவுக்கு மட்டும்.

தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது. பெர்க் தண்ணீருக்கு அடியில் தங்கி அப்படியே வடிகாலுக்குள் இறங்கிவிடும். நனைந்த பேடை இறுக மூடிய டப்பாவில் போட்டு, உரிமம் பெற்ற நச்சுக் கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். அடுக்குமாடி புளோக்கின் கீழே கடை வைத்திருப்பவர்களே, குப்பைத் தொட்டியில் போட வேண்டாம்.

பெர்க்குக்குப் பதில் ஹைட்ரோகார்பன் கரைப்பான் வைத்திருந்தால், அது தீப்பிடிக்கும். அது சிந்திய இடத்தருகே எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள்.

கசிவு பெரிதாக இருந்தாலோ யாராவது மயங்கினாலோ உடனே 995-ஐ (தீயணைப்பு, ஆம்புலன்ஸ்) அழையுங்கள். சேஃப்டி டேட்டா ஷீட்டைக் கல்லாப் பக்கத்திலேயே வையுங்கள். வருகிறவர்களுக்கு என்ன கெமிக்கல் என்று உடனே தெரிய வேண்டும்.